மந்திரக் கோட்டைக்கு வெள்ளை சிமெண்ட்

இயேசு மரி சூசை துணை

பொம்மிடி பக்கத்திலிருந்து, கத்திரி வெயில் காலம்

அன்பு மகன் மரிய ஆனந்துக்கு, அப்பா அருள்சாமி மேஸ்திரி வாயால் சொல்ல, உன் அம்மா லூர்தம்மாள் கையால் எழுதும் கடிதம். இங்கே நாங்கள் இருவரும், வெள்ளாடும், அதன் குட்டியும் மாதா கிருபையால் சுகம். கிணறு மட்டும் சுகமில்லை. சென்னையில் நீயும் மருமகளும் பேத்தி பிளசியும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகச் சுகமாக இருக்கவேண்டும் என்று ஞாயிறு பூசையில் கேட்டுக்கொண்டேன். கேட்டது வேறு ஒன்றும் உண்டு, அதைத்தான் எழுதச் சொல்கிறேன்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் சொல்லத்தான் பார்த்தேன். உன் குரலைக் கேட்டதும் வாய் தானாக "சாப்பிட்டியா கண்ணு" என்று கேட்டுவிடுகிறது. ஒரே நாளில் அதையே திரும்பத் திரும்பக் கேட்டதில், "என்னப்பா, நான் பட்டினி கெடக்கறேன்னு யாராவது சொன்னாங்களா"ன்னு நீயே கேட்ட. நீ சாப்பிட்டது எனக்குத் தெரியும் சாமி. நான் சொல்ல வந்தது உன் மந்திரப் பள்ளிக்கூடக் கோட்டையைப் பற்றி. பீரோ மேலே நீ கட்டி வைத்துவிட்டுப் போன அந்தக் கோட்டைக்கு நான் வெள்ளை சிமெண்ட் வைத்துவிட்டேன்.

படிக்கிறதை நிறுத்தாதே. நின்றுகொண்டிருந்தால் உட்கார். அந்தக் கோட்டையை ஏதோ விளையாட்டுச் சாமான் என்று நினைத்து நான் கை வைக்கவில்லை. அதன் பூர்வீகம் உனக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு எனக்கும் தெரியும். வெள்ளைக்காரப் பிள்ளைகள் மந்திரம் படிக்கிற அந்தப் படம் முதன்முதலாக வந்த வருஷம் நீ மூணாம் வகுப்பு. உன் மாமன் சூசைராஜ் துபாயிலேர்ந்து லீவுல வந்தப்ப எனக்கு ஒரு சென்ட் பாட்டிலும் உனக்கு அந்தப் பெட்டியும் கொண்டாந்தாரு. பெட்டி மேல படத்துல கோட்டை கம்பீரமா நிக்குது, உள்ள பிரிச்சா பொடிப்பொடியா, ஒண்ணு மேல ஒண்ணு அழுத்திக் கட்டற பிளாஸ்டிக் கட்டை. "ஏன் மச்சான், இவ்வளவு தூரம் சுமந்துட்டு வர்றதை ஒடைஞ்சிருக்கா இல்லையான்னு பாத்து வாங்கக் கூடாதா"ன்னு கேட்டுட்டேன். அவரு மொகம் சுண்டிப்போச்சு. அந்தப் பெட்டியில வந்த பொம்மை ஆளுங்க எல்லாம் மஞ்ச மூஞ்சி. மந்திரம் கத்துக்கறதுக்கு முன்னாடி இதுங்களுக்குக் காமாலைக்குப் பாக்கணுமேன்னு உங்கம்மா சொன்னா. அடுத்தடுத்து படம் வர வர, அடுத்தடுத்து பெட்டி. ஒரு படத்துக்கப்புறம் பாத்தா எல்லாருக்கும் மனுச நெறம் வந்துடுச்சு. அதே பையன், அதே அங்கி, ஒடம்பு மட்டும் தேறியிருந்தான். கூரையும் அப்படித்தான், மொதல்ல சாம்பல், அப்புறம் பச்சை. ஒவ்வொரு படத்துக்கும் அதே பள்ளிக்கூடத்தை அந்தக் கம்பெனிக்காரன் மாத்தி மாத்திக் கட்டுவான். போன பெட்டியில இருந்த மண்டபம் இந்தப் பெட்டியில காணோம், இல்லாத கோபுரம் புதுசா நிக்குது. நான் அப்படி ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருந்தா எந்த ஆபீஸ்ல பில் பாஸ் பண்ணுவான்? ரயில் பெட்டி ஒண்ணு வந்துச்சு, "இது பொம்மிடியில நிக்காத வண்டிப்பா"ன்னு வீடு முழுக்க ஓட்டிக்கிட்டுத் திரிஞ்ச. ஒரு கிறிஸ்மசுக்குக் கோட்டையைக் கோயில் குடில்ல ஏரோது அரண்மனையா வெச்சோம். பங்குச் சாமியார் குனிஞ்சு பாத்துட்டு, "மேஸ்திரி, தொடப்பத்து மேல பறக்கறது யாரு?"ன்னாரு. நான், "ஏரோதோட ஒற்றனுங்க சாமி, கொழந்தையத் தேடிப் போறானுங்க"ன்னேன். அவரும் தலையாட்டிட்டுத்தான் போனாரு.

அப்புறம் படமெல்லாம் முடிஞ்சுது. பெட்டி வர்றதும் நின்னுபோச்சு, சூசைராஜும் துபாயை முடிச்சுக்கிட்டு வந்துட்டாரு. ரொம்ப வருஷம் கழிச்சு, நீ சம்பளக்காரனா ஆனப்புறம், கம்பெனிக்காரன் மறுபடி ஆரம்பிச்சான். பெரிய கோட்டை, ஆளுங்க மட்டும் எள்ளு அளவு. போன்ல படம் காட்டுன. "எனக்கு என் பழசே போதும்ப்பா"ன்னு சொல்லி, எல்லாப் பெட்டியையும் கொட்டி, சாம்பல் கூரை பச்சைக் கூரை மஞ்ச மூஞ்சி மனுச மூஞ்சி எல்லாத்தையும் சேத்து ஒரே கோட்டையாக் கட்டி பீரோ மேல வெச்ச. "விஷயத்துக்கு வாங்க, மை தீருது" என்கிறாள் உன் அம்மா. இதுவும் விஷயம்தான். இன்னொன்றையும் எழுதச் சொன்னேன், அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பெட்டிகளோடு வந்த புத்தகங்களில் எழுத்தே கிடையாது. எல்லாம் படம், அம்புக்குறி. பள்ளிக்கூடத்துப் புத்தகத்தை நீ எடுத்துக்கிட்டு வந்தா எனக்கு உடனே மாட்டுக்கொட்டாயில வேலை வந்துடும். இந்தப் புத்தகத்தைத்தான் நீ படிச்ச பக்கத்தை நானும் படிச்சேன். "அப்பா, அவசரப்படாத, அது அடுத்த பக்கம்"னு நீ என் கையைத் தட்டிவிடுவ.

சரி. போன மாசம் நீ போன் போட்டு, லீவுக்கு வர்றோம், கோட்டையைச் சென்னைக்கு எடுத்துக்கிட்டுப் போறோம், பிளசி ஆசைப்படறான்னு சொன்ன. அன்னியிலேர்ந்து எனக்குத் தூக்கமில்லை. ரயில் எப்படி ஆடும்னு உனக்குத் தெரியாதா? காரையே இல்லாம ஒண்ணு மேல ஒண்ணு அழுத்தி வெச்ச சொவரு ஜோலார்பேட்டை தாண்டுமா? என் பேத்தி கையில் போய்ச் சேரும்போது அது பழையபடி பொடிப்பொடியாகத்தானே இருக்கும்? அதனால் பீரோ மேலிருந்து இறக்கி, மாட்டுக்கொட்டாயில் நிழல் பார்த்து வைத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன். மட்டம் சரியாகத்தான் இருந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். வரிசை வரிசையாகக் கழற்றி, கட்டைக் குமிழ் மேலே வெள்ளை சிமெண்டைத் தயிர்ப் பதத்தில் கரைத்துத் தடவி, திரும்ப அழுத்தினேன். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு மயிரிழை ஏறிப்போனதில் பெரிய கோபுரம் அரூர் பக்கம் சாய்ந்துவிட்டது. வாசல் கதவு மூடினால் திறக்கவில்லை. உள்ளே படிக்கட்டு ஒன்று பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே இருந்தது. எந்தத் துப்புக்கெட்டவன் படியை இப்படி ஆட விட்டான் என்று அதற்கு மட்டும் இரண்டு கை கூடுதலாக வைத்தேன். படி திரும்புறதுதான் அந்தப் பள்ளிக்கூடத்துல விசேஷமே, அதுகூட மறந்துபோச்சான்னு உங்கம்மா அப்புறம்தான் கேட்டா. தாடிக்காரத் தலைமையாசிரியர் தாடியோட தரையில ஒட்டிக்கிட்டாரு.

சிமெண்ட் வைத்தால் தண்ணீர் காட்டவேண்டும் இல்லையா? இந்த வெயிலில் காட்டாவிட்டால் வெடித்துவிடும். ஈரச்சாக்கைப் போர்த்தி, காலையும் சாயந்தரமும் செம்பில் தெளித்தேன். பக்கத்துக் காட்டு வெங்கடாசலம் எட்டிப் பாத்துட்டு, "என்னங்க மேஸ்திரி, சாக்குக்குள்ள கோழி அடை வெச்சிருக்கீங்களா?"ன்னாரு. "கோட்டைங்க"ன்னேன். "கோட்டைங்களா? அப்ப வூட்டு வரி கட்டுனீங்களா? பஞ்சாயத்துல கேப்பாங்க"ன்னு சிரிச்சாரு. சாக்கைத் தூக்கிக் காட்டினேன். அப்போதுதான் பார்த்தேன், கோட்டைச் சுவரில் நீ நாக்கை நீட்டிக்கொண்டு ஒட்டிய சின்னச் சின்னப் படங்களெல்லாம் ஊறி, கழன்று, கீழே தேங்கின தண்ணீரில் மிதந்தன. வெங்கடாசலம் சிரிப்பை நிறுத்திட்டாரு. "பையனுதுங்களா?"ன்னு மட்டும் கேட்டாரு.

அப்பவும் எனக்கு உறைக்கலை. படம் போனா போகட்டும், கட்டடம் நிக்குதேன்னுதான் இருந்தேன். மறுநாள் பிளசி போன் பண்ணா. "தாத்தா, வந்த ஒடனே மொதல் வேலையா கோட்டையைப் பூராப் பிரிச்சுடணும் தாத்தா, அப்பாதான் சொன்னாரு, பிரிச்சாத்தான் நான் கட்ட முடியும்"னா. போனைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டாயில் நின்றேன். சாக்கு சொட்டிக்கொண்டிருந்தது. சாப்பிட்டியா கண்ணுன்னு கேட்டேன்.

அதன் பிறகு சின்ன உளியை வைத்து ஒரு மூலையில் நெம்பினேன். ஒரு சத்தம் கேட்டது பார், என் பல் கழன்றது போல இருந்தது. உளியைப் போட்டுவிட்டேன். சாக்கைப் போர்த்தினவன்தான், இன்றுவரை திறந்து பார்க்க மனசு வரவில்லை. தண்ணீர் மட்டும் விடாமல் தெளிக்கிறேன். ஏன் என்று கேட்காதே, வேலையைப் பாதியில் விட்டுப் பழக்கமில்லை. இந்தச் சுத்துப்பட்டில் நான் கட்டின வீடு எத்தனை இருக்கிறது, கட்டினதைப் பிரிக்க வேண்டும் என்று எவனும் என்னிடம் சொன்னதில்லை. பிரிப்பதற்கென்றே ஒன்றைக் கட்டுவார்கள் என்பது, உன்னோடு உட்கார்ந்து கட்டின எனக்கே மறந்துபோய்விட்டது.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. கோட்டை நல்லா இருந்திருந்தா நீ வந்து எடுத்துக்கிட்டுப் போயிருப்ப. அதுக்கப்புறம் இந்த வீட்டுல உன்னுதுன்னு என்ன இருக்கு, அடுத்த லீவுக்கு எதுக்கு வருவேன்னு அன்னிக்கே நெனைச்சேன். அப்படி நெனைச்சுக்கிட்டேதான் கலவை போட்டேனோ என்னமோ, எனக்கே தெரியலை. அந்தக் கோட்டையை இனி யாரும் பிரிக்க முடியாது. பிளசி அழுவாள். அழுகிறதை இங்கே வந்து அழட்டும், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். திட்டுவதையும் நேரில் வந்து திட்டு. வராமல் மட்டும் இருந்துவிடாதே. உன் சாமான் ஒன்றின் மேலும் இனி என் விரல் படாது, இது கோயில் வாசலில் நின்று சொன்னதாக வைத்துக்கொள்.

நம் ஊர் மாதா உங்கள் மூவர் தலைமேலும் கை வைத்திருக்கட்டும். மருமகளுக்கு என் ஆசீர். பேத்தி நெற்றியில் என் சார்பாக ஒரு சிலுவை போடு. கீழே இருப்பது என் கைநாட்டு. வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிந்தால் அது சிமெண்ட்.

இப்படிக்கு
உன் அப்பா
அருள்சாமி

பின்குறிப்பு: கண்ணு, இது நான், அம்மா, சொந்தமாக எழுதுவது. உங்கப்பா எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறார், எழுத்து தெரியாததால் தைரியமாக எழுதுகிறேன். கோட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. முந்தாநாள் அவர் சந்தைக்குப் போனபோது சாக்கைத் தூக்கினேன், கோபுரம் கையோடு வந்துவிட்டது. வழவழப்பான பிளாஸ்டிக்கில் அவர் சிமெண்ட் எங்கே பிடிக்கும்? அப்பளம் மாதிரி பேந்து பேந்து விழுந்தது. எல்லாக் கட்டையையும் கழற்றி, தொட்டியில் அலசி, காயவைத்து, அரிசிக் குதிருக்குப் பின்னால் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன். தலைமையாசிரியர் தாடி சுத்தமாக இருக்கிறது. ஒட்டின படங்கள் போனது போனதுதான், அதற்கு மட்டும் நீ வருத்தப்பட்டுக்கொள். இப்போது ஈரச்சாக்குக்குள் இருப்பது நம் ஓட்டை இட்லிக் கொப்பரை. அதற்குத்தான் காலையும் சாயந்தரமும் தண்ணீர் தெளித்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வருகிறார். பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போதே சொன்னால், கலவை பிடிக்கவில்லையா என்று ரோஷம் வந்து, அடுத்த தடவை கம்பி கட்டி கான்கிரீட்டே போட்டுவிடுவார். அதனால் நீங்கள் வரும்வரை நான் வாய் திறக்க மாட்டேன். சீக்கிரம் வா. அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. "என்னடி இவ்வளவு நேரம் எழுதற"ன்னு கேட்கிறார். அட்ரஸ் என்று சொல்லியிருக்கிறேன்.