கோங்கா பாபுவின் நத்தைப் பெட்டி

ஒரு சனிக்கிழமை மாலை நாலு பத்துக்கு என் மகள் சாப்பிடுவதை நிறுத்தினாள். அவளை மறுபடி சாப்பிட வைத்தவர், போர்ட் பிளேரிலேயே நத்தையிடம் பாடம் படித்த ஒரே மனிதர்.

கோங்கா என்றால் இந்தியில் நத்தை. எங்களுக்கு அவர் கோங்கா பாபு. ஃபீனிக்ஸ் பே கப்பல் பட்டறையில் ஸ்டோர் குமாஸ்தா, தனிக்கட்டை. தோட்டத்தைத் தின்கிறதென்று எங்கள் பேட்டை ஷாதிபூர் முழுக்க உப்பு டப்பாவும் கையுமாக நத்தைகளைக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், பக்கத்து குவார்ட்டர்ஸில் இவர் அவற்றை மீன் பெட்டியில் வளர்த்தார்.

"கண்ணெல்லாம் சும்மா பேருக்கு சார். நத்தைக்கு வாசனைதான் எல்லாம்" என்பார்.

ஒரு பெட்டி நத்தைகளுக்குக் குஞ்சிலிருந்தே பப்பாளி இலை மட்டும் போட்டார். பிறகு என் தோட்டத்து முட்டைக்கோஸை வாங்கிப்போய் வைத்தார். ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"என் கோஸுக்கு என்ன குறைச்சல்?" என்றேன், ரோஷமாகவே.

"பழகாத வாசனை சார். ஏக் மினிட்." பப்பாளி இலையைக் கசக்கி கோஸின் மேல் தேய்த்தார். நாங்கள் இரண்டாவது டீயை முடிப்பதற்குள் கொம்பை ஆட்டிக்கொண்டு அத்தனையும் பந்தியில் உட்கார்ந்துவிட்டன.

என் மனைவி மட்டும் அவரைக் கேலி செய்ததில்லை. நத்தைகளுக்குக் கீரைத்தண்டு அனுப்புவாள். பதிலுக்கு அவர் தொட்டியிலிருந்து ஒரு கிளை மருக்கொழுந்து வரும், அவள் தலைக்கு. தீவு மழையில் அந்தச் செடி பிழைத்தது அவரிடம் மட்டும்தான். மழைக்கு உள்ளே, வெயிலுக்கு வெளியே என்று தொட்டியோடு அலைவார்.

மாமனாருக்கு உடம்பு மோசம் என்று ஊரிலிருந்து தந்தி வந்தது. எங்கள் நாலு வயது மகள் செல்விக்குக் காய்ச்சல் விட்டு இரண்டே நாள். கப்பலில் அனுப்ப டாக்டர் சம்மதிக்கவில்லை. மனைவி மட்டும் ஏறினாள். கப்பல் நகர்ந்தபோது செல்வி கையிலிருந்த பிஸ்கட்டைக் கீழே போட்டாள்.

பருப்புச்சோறு, அப்பளம், டின் பால். எல்லாவற்றுக்கும் "வேணாம்பா." மூன்றாம் நாள் அவள் வளையல் முழங்கைவரை ஏறியது. இன்று காலேஜுக்குப் போகிறாள். தட்டில் மிச்சம் வைத்தால் நான் இன்னும் பக்கத்திலிருந்து எழுந்திருப்பதில்லை.

கீரைத்தண்டு கேட்டு வந்த பாபு அவளைப் பார்த்தார். திரும்பிப் போய் ஒரு கிளை மருக்கொழுந்தோடு வந்தார்.

"தலையில துண்டைக் கட்டிட்டு இதைச் செருகுங்க சார். அப்புறம் ஊட்டுங்க."

"பாப்பா நத்தை இல்ல, பாபு."

"தெரியும் சார். நத்தைன்னா நான் இவ்வளவு பயப்பட மாட்டேன்."

கட்டினேன். செல்வி என் காதருகே மூக்கை நீட்டினாள். ரொம்ப நேரம் அப்படியே இருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால், அந்த வாசனையில் நானும் ஒரு தரம் வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.

வேளைக்கு ஒரு கிளை வந்தது. சாப்பிட்டு முடிப்பதற்குள் செல்வி அதைக் கசக்கித் துகளாக்கிவிடுவாள். ஒருநாள் தலைத்துண்டை எடுக்க மறந்து, மிச்சக் காம்போடு ஆபீஸ் போய்விட்டேன். "க்யா பாத் ஹை, என்ன விசேஷம் புதுப்பொண்ணு" என்றார் எங்கள் ஆபீஸ் தலைமை குமாஸ்தா பெரிய பாபு. புயல், கப்பல் தாமதம் என்று ஒரு மாதம் ஓடியது. கிளை வருவது மட்டும் நிற்கவில்லை. தொட்டியை எட்டிப்பார்க்க எனக்குத் தோன்றவேயில்லை.

ஒரு மத்தியானம் மனைவி வந்து இறங்கினாள். பெட்டியைக் கீழே வைப்பதற்குள் செல்வி அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வேலியோரம் பாபு, மொட்டைக் குச்சிகள் நின்ற தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நல்லவேளை வந்துட்டே தங்கச்சி" என்றார். "ஒரே ஒரு கிளைதான் மிச்சம் இருந்துச்சு."