யார் மாதிரியும் இல்லாத படம்

இனிமேல் யார் மாதிரியும் வரைவதில்லை என்று முடிவெடுத்தேன். நல்ல முடிவு. மனதோடு வைத்திருக்கலாம். மனைவியிடம் சொன்னேன்.

"கோகிலா, இன்னையிலிருந்து நான் என் சொந்தக் குரல்லதான் வரையப் போறேன்."

கோகிலவாணி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"வரையறது கையிலதானுங்களே. குரல் எதுக்குங்க?"

"தொண்டைக் குரல் இல்ல. கலைஞனோட குரல். பாத்த உடனே இது இவன் வரைஞ்சதுன்னு தெரியணும்."

"இத்தன நாள் அது இல்லீங்களா?"

"தேடிட்டிருக்கேன்."

"கடசியா எங்க வெச்சீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. மூக்குக் கண்ணாடிய அப்படித்தானுங்களே கண்டுபிடிச்சோம்."

பெயரிலேயே குரலை வைத்திருப்பவளிடம், குரலைத் தொலைத்தவன் பேசி ஜெயிக்க முடியாது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அருணாசலம். வயது நாற்பத்தெட்டு. கொல்லிமலையில் பிறந்து, தமிழில் பாதியும் ஆங்கிலத்தில் மீதியும் படித்து, பெங்களூரில் இருபத்துமூன்று வருடம் ஒரு விளம்பரக் கம்பெனியில் படம் போட்டவன். பிஸ்கட்டைப் பிஸ்கட்டைவிட ருசியாக வரைவேன். மேனேஜர் ஏதாவது ஒரு வெளிநாட்டுப் படத்தைக் காட்டி, "இந்த மாதிரி" என்பார். அந்த மாதிரியே வரைந்து கொடுப்பேன். எனக்குச் சம்பளமே அந்த 'மாதிரி'க்குத்தான்.

போன வருடம் வேலையை விட்டேன். மலையில் வட்டாரத்தை நாடு என்போம்; தேவனூர் நாட்டில் எங்கள் வீட்டுக்கே திரும்பினோம். அடிவாரத்துக் காரவள்ளியில் ஏற ஆரம்பித்து, எழுபது வளைவும் திரும்பி பஸ் மேலே வந்து நின்றபோது எனக்குள் ஒரு மகாகலைஞன் விழித்துக்கொண்டிருந்தான். கோகிலாவுக்கு வாந்தி.

மகாகலைஞனுக்கு முதல் எதிரி கோகிலாவின் ஞாபகசக்தி. ஒரு படத்தை ஒரு முறை பார்த்தால் போதும், மறக்க மாட்டாள். அருவியை வரைந்து காட்டினேன்.

"இது நம்ம பிளாட்டுல லிப்ட்டுக்குப் பக்கத்துல மாட்டியிருந்ததுங்களே!"

மிளகுக் கொடியை வரைந்தேன்.

"பல் டாக்டர் கிளினிக்ல பாத்தனுங்க. அங்க திராட்ச. இங்க மிளகு."

விட்டேனா? உருவமே வேண்டாமென்று ஒரு துணி முழுக்க நீலத்தைப் பூசினேன். வெறும் நீலம். இதில் யார் சாயலைக் கண்டுபிடிப்பாள்?

"இதயும் யாரோ பூசிட்டாங்களுங்க. ஏர்போர்ட்டுல, இதவிடப் பெருசா."

ஒன்பது படம். ஒன்பதுக்கும் ஊர், பேர், மாட்டியிருந்த ஆணி முதற்கொண்டு சொன்னாள். கொடுமை என்னவென்றால், ஒன்பதும் சரி. சாயம் தீர்ந்துபோனது, சாயல் தீரவில்லை. உலகம் என்ன சொன்னாலும் எனக்குக் கவலையில்லை. ஆனால் கோகிலா வாயால், 'இது யாரு மாதிரியும் இல்லீங்க' என்று ஒரு முறை வந்துவிட வேண்டும். வராவிட்டால் நான் வெறும் மாதிரி அருணாசலம்.

ஒருநாள் படிப்பைக் காட்டி அவளை மிரட்டப் பார்த்தேன்.

"உனக்கென்ன தெரியும்? பழந்தமிழ்ல குரல்னா கதிர்னு ஒரு அர்த்தம் இருக்கு. தினைக்கதிரைத் தினைக்குரல்னுதான் சொல்லுவாங்க."

"அப்படீங்களா?" முகத்தில் உண்மையான ஆச்சரியம். "அப்ப உங்க குரலு களத்துல காயுதுங்க. மழ வர்றாப்புல இருக்குது. போயி அள்ளிப் போட்டுட்டு வாங்க."

கோபத்தோடுதான் போனேன். களத்தில் தினைக்கதிர்கள் கிடந்தன. அள்ளக் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தலை கனத்து, ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து, ஒன்றின் தோளில் ஒன்று படுத்து, தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. மேகம் இறங்க இறங்க அவற்றின் மஞ்சள் கூடிக்கொண்டே போனது. கடையில் விற்கும் எந்த மஞ்சளும் அது இல்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். மழை வந்தது. குரல் நனைந்தது. பிறகு கோகிலாவின் குரல் வந்தது. அதை இங்கே எழுதுவதாக இல்லை.

அந்தக் கதிர்களைத்தான் வரைந்தேன். வீட்டில் வரையவில்லை. மாட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஜோசப்பின் குவார்ட்டர்ஸில் வரைந்தேன். ஜோசப் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குடும்பம் கீழே இருக்க, இவர் மட்டும் மலைமேல். மூன்று வாரம், தினமும் காலாற நடப்பதாகச் சொல்லிவிட்டுப் போனேன். அடுக்களையிலிருந்து மஞ்சள்தூளை மடித்து எடுத்துப்போய்ப் பசையில் குழைத்தேன். தினைத் தவிட்டை அதன்மேல் தூவினேன். அடுத்த கோடு எங்கே போக வேண்டும் என்று முதல் தடவையாக எந்த மேனேஜரும் தலைக்குள் உட்கார்ந்து சொல்லவில்லை. கையே போனது. நான் பின்னாலேயே போனேன்.

முடித்த அன்று ஜோசப் வெகுநேரம் பார்த்தார். "அண்ணே, கதிரெல்லாம் மூச்சு விடுதுண்ணே." நாள் முழுக்க மாட்டின் மூச்சைக் கேட்கிறவர். நம்பலாம்.

ஆனால் என் படமென்று சொன்னால் கோகிலா பழக்கதோஷத்தில் ஒரு லிப்ட்டையோ பல் டாக்டரையோ இழுத்து வருவாள். ஆகவே திட்டம் போட்டேன். ஜோசப் வரைந்ததாகச் சொல்வது. தீர்ப்பு வந்ததும் எழுந்து நின்று, 'அடியேன்தான்' என்று அறிவிப்பது. அவள் முகம் போகிற போக்கை நினைத்தே இரண்டு நாள் தனியாகச் சிரித்தேன்.

ஞாயிறு காலை, சர்ச்சுக்குப் போன கையோடு ஜோசப் படத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"அக்கா, நானும் ஒரு படம் வரைஞ்சிருக்கேன்க்கா."

கோகிலா பார்த்தாள். தள்ளி நின்று பார்த்தாள். கிட்ட வந்து மோந்து பார்த்தாள்.

"மஞ்சத்தூள் வாசம் வருதுங்களே சார்?"

ஜோசப் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஆமாக்கா. அதைத்தான் கலந்தேன்."

"உங்க ஊட்டுலயும் டப்பா காலியாயிருச்சுங்களா?"

"ஆமாக்கா."

இந்த இடத்தில் நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆசை காதை அடைத்துவிட்டது.

"யாரு மாதிரி இருக்கு கோகிலா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யாரு மாதிரியும் இல்லீங்க. இப்படி ஒண்ணு நான் எங்கயும் பாத்ததில்லீங்க."

உட்கார்ந்த இடத்திலேயே எழுபது வளைவும் இறங்கி ஏறினேன். இருபத்துமூன்று வருடத்து பிஸ்கட்டெல்லாம் பொடியாகி உதிர்ந்தன. அறிவிப்புக்காக எழுந்து நின்றேன். தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவள் அடுக்களையிலிருந்து சூடான பணியாரத்தோடு வந்து, என்னைத் தாண்டிப்போய், ஜோசப்பின் முன்னால் தட்டை வைத்தாள்.

"சாமி குடுத்த கையிங்க சார் இது. இத வெச்சுட்டு மாட்டுக்கு ஊசி போட்டுட்டிருக்கீங்களே!"

"சின்ன வயசுலேருந்தே ஒரு ஆர்வம்க்கா" என்றார் ஜோசப். துரோகி. பணியாரம் பேசுகிறது.

"கோகிலா, அது நான் வரைஞ்சது!"

"சும்மா இருங்க. சார் பாடுபட்டு வரைஞ்சதப் போயி..."

"சத்தியமா நான்தான். ஜோசப், சொல்லுங்க!"

ஜோசப்பின் வாயில் நான்காவது பணியாரம்.

"ஏனுங்க, ஒண்ணு சார் பொய் சொல்லோணும், இல்லாட்டி நீங்க பொய் சொல்லோணும். சார் இப்பத்தான் சர்ச்சுக்குப் போயிட்டு வாராரு. அவரு பொய் சொல்லுவாருங்களா?"

சர்ச்சுக்குப் போய் வந்தவருக்குப் புரையேறியது. கோகிலாவே தண்ணீர் கொடுத்து, தலையிலும் தட்டினாள்.

"இன்னொண்ணு வரைஞ்சு காட்டறேன்" என்றேன். "உன் கண்ணு முன்னாலயே. அப்ப நம்புவியா?"

"வரைங்க. பாத்துட்டாப் போச்சு."

வாசலில் துணியை விரித்தேன். மஞ்சள் எடுக்க அடுக்களைப் பக்கம் திரும்பினேன். கோகிலா ஒரு புதுப் பொட்டலத்தை நீட்டினாள்.

"டப்பாவத் தொடாதீங்க. போன தடவையே ரசத்துக்கு இல்லாமப் போச்சு. இது உங்களுக்குன்னே வாங்குனது."

கை அப்படியே நின்றது. அவள் முகத்தைப் பார்த்தேன். உதட்டோரத்தில் ஒரு மடிப்பு. தெரிந்திருக்கிறது! என் படம் என்று தெரிந்துதான் 'யாரு மாதிரியும் இல்லீங்க' என்று சொல்லியிருக்கிறாள். ஏமாந்தேனே என்று வெட்கப்பட்டிருக்க வேண்டும். வெட்கப்படவில்லை. பெருமையில் இரண்டு விரற்கடை வளர்ந்துவிட்டேன்.

அந்த வளர்த்தியோடு நான்கே நாளில் வரைந்து முடித்தேன். முதல் படத்தைவிட ஒரு படி மேல். அடியில் 'அருணாசலம்' என்று, கொட்டை எழுத்தில், தமிழிலேயே கையெழுத்துப் போட்டேன். முதல் படத்திலும் போடப் போனேன். "சார் படத்துல நீங்க எப்படிங்க கையெழுத்துப் போடுவீங்க?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சிரித்துவிட்டேன். எப்படியும் உண்மை எங்கள் இரண்டு பேருக்கும் தெரியுமே.

இரண்டையும் முன்னறையில் பக்கத்தில் பக்கத்தில் அவளே மாட்டினாள். நேற்றுப் பக்கத்துத் தோட்டத்துக் கண்ணாயி வந்தார். இடுப்பில் கை வைத்து, இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, பாராட்டு வந்து விழத் தோதாக அருகில் போய் நின்றேன்.

கோகிலா சுவரைக் காட்டிச் சொன்னாள்:

"இது ஜோசப் சார் சொந்தமா வரைஞ்சதுங்க்கா. இது, அதப் பாத்து எங்க ஊட்டுக்காரரு வரைஞ்சது."