பென் டிரைவ் நுழைவு ஆணை

கோட்டை வாசலைக் காத்தவர்கள் உண்டு. கோயில் வாசலைக் காத்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு கணினியின் இடுப்பில், சுண்டுவிரல்கூட நுழையாத ஒரு பொந்தைத் தன் உயிர்போலக் காத்த மாவீரர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் கொல்லிமலையில், வாழவந்தி நாட்டுச் சான்றிதழ் சேவை அலுவலகத்தின் கண்காணிப்பாளர் திரு. அர்த்தனாரி. அந்த வீரத்தைப் பக்கத்து நாற்காலியிலிருந்து தினமும் தரிசிக்கும் பாக்கியம் கணினி இயக்குநர் கலைமணிக்கு வாய்த்தது. அவள் ஒப்பந்த ஊழியர். ஏப்ரலுக்கு ஏப்ரல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும்; புதுப்பிக்கிற பேனா அர்த்தனாரியின் சட்டைப் பையில் இருந்தது.

மலையில் அந்த அலுவலகத்துக்கு மட்டும் கேபிள் இணையம் உண்டு. ஊர்களில் பாறை மேல் ஏறி நின்றால்தான் சிக்னல். அதனால் சாதிச் சான்றிதழுக்கான விசாரணை அறிக்கையை ஊருக்கு வரும் விசாரணை அலுவலர் மனுதாரரின் பென் டிரைவிலேயே போட்டுக் கொடுத்துவிடுவார். அது பஸ் ஏறி அலுவலகத்துக்கு வரும். கலைமணி சொருகுவாள், கணினி அதைத் தானாக எடுத்துக்கொள்ளும், அறிக்கை திறக்கும், சான்றிதழ் தயாராகும். மூன்று வருடமாக இப்படி ஒரு 'ஒழுங்கீனம்' நடந்துகொண்டிருந்தது.

அர்த்தனாரி எழுபது வளைவிலும் வாந்தியெடுத்து மலையேறி வந்து பொறுப்பேற்ற முதல் நாளே அதைக் கண்டுபிடித்தார்.

"ஏம்மா கலைமணி, அது யாரைக் கேட்டு உள்ள வந்துச்சு?"

"ஆட்டோ மவுண்ட்டுங்க சார். சொருகுனாப் போதும், கம்ப்யூட்டரே தானா எடுத்துக்குமுங்க."

"தானா எடுத்துக்குமா? அப்பறம் நான் எதுக்கும்மா இங்க?"

பதில் கலைமணியின் நாக்கு நுனி வரை வந்தது. ஏப்ரலை நினைத்து விழுங்கினாள்.

மறுநாள் அவசரக் கூட்டம் கூடியது. டீயும் மெதுவடையும் ஏகமனதாக ஏற்கப்பட்டன. பிறகு 'வெளிச் சேமிப்புச் சாதனங்கள் நுழைவு ஒழுங்காற்று ஆணை' பிறந்தது. இனி எந்தப் பென் டிரைவும் தானாக உள்ளே வரக்கூடாது. மூன்று பிரதிகளில் விண்ணப்பம் வேண்டும்: பென் டிரைவின் நிறம், சொந்த ஊர், வருகையின் நோக்கம். அனுமதிக்கும் கடவுச்சொல் கண்காணிப்பாளரிடம் மட்டும் இருக்கும். லட்சுமிகரமான நாள் என்பதால் வெள்ளிக்கிழமை மட்டும், காலை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை அனுமதி நேரம். கையெழுத்தாகி, மேலிடத்துக்கு நகலும் போய்விட்டது.

முதல் வெள்ளிக்கிழமைதான் யாரோ சுவர்க் காலண்டரைப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். அர்த்தனாரி ராகு காலத்தில் பேனா மூடியைக்கூடக் கழற்ற மாட்டார். போட்ட ஆணையை மாற்றினால் தப்பாகப் போட்டேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதைவிட ராகுவே தேவலை. ஆகவே வெள்ளிதோறும் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை அவர் கணினி முன்னால் கைகட்டி உட்கார்ந்து ஆணையை நிறைவேற்றினார். பென் டிரைவ்கள் கழுத்தில் சீட்டுக் கட்டி, பிளாஸ்டிக் தட்டில் வரிசையில் படுத்திருந்தன.

அதில் ஒரு நீல நிறப் பென் டிரைவ் பொன்னனுடையது. மிளகும் மரவள்ளியும் போட்டுப் பிழைப்பவர். மகள் பூங்குழலிக்கு அரசுக் கல்லூரியில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அவர்கள் ஊரிலிருந்து அந்தப் படிப்புக்குப் போகும் முதல் பெண். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சாதிச் சான்றிதழை இணையத்தில் ஏற்ற வேண்டும். பொன்னன் பத்து நாள் முன்னாடியே வந்துவிட்டார். 'சொந்த ஊர்' என்ற இடத்தில் தன் ஊரை எழுதிக் கொடுத்தார்.

"உம்ம ஊரைக் கேக்கல. பென் டிரைவு ஊரைக் கேக்கறேன். எங்க வாங்குனீரு?"

"பேளுக்குறிச்சியிலங்க சாமி."

"அப்ப அந்தக் கடைக்காரர்ட்ட கையெழுத்து வாங்கிட்டு வாரும்."

பொன்னன் மலையிறங்கி, கையெழுத்து வாங்கி, மறுபடி மலையேறினார். கடைசி நாளான அந்த வெள்ளிக்கிழமை பத்தேமுக்காலுக்கெல்லாம் மேசை முன்னால் வந்து நின்றார்.

"அஞ்சு மணிக்குள்ள ஏத்தோணுமாமுங்க சாமி. இல்லீன்னா சீட்டு அடுத்தாளுக்குப் போயிருமாமுங்க."

"இப்ப ராகு காலம்யா. உம்ம புள்ள நல்லதுக்குத்தான் சொல்றேன். இந்த நேரத்துல ஏத்துன படிப்பு வெளங்குமா?"

"பன்னண்டுக்கு மேல ஏத்திக் குடுங்க சாமி."

"பன்னண்டுக்கு மேல ஆணையில எடமில்ல."

கலைமணி எழுந்தாள். "சார், ஒரு நிமிச வேலைங்க சார்."

"ஒரு நிமிசத்துலதாம்மா வைரஸ் வரும்," என்றார் அர்த்தனாரி, நாட்டைக் காக்கும் குரலில்.

மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண் அசந்தார். பொன்னன் கலைமணியின் மேசைப் பக்கம் வந்து மெதுவாகக் கேட்டார்: "உனக்கு முடியாதா கண்ணு?"

முடியும். அர்த்தனாரி கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுச் சொல்லி ஒற்றை விரலால் அடிக்கிறவர்; அலுவலகத்தில் டீ கொண்டுவருகிற பாப்பாத்திக்கே அது மனப்பாடம். அவர் எழுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கலைமணியின் கை விசைப்பலகை வரை போனது. பார்த்துவிட்டால்? ஏப்ரல் வந்து கண்முன் நின்றது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சார்தான் போடோணுமுங்க," என்றாள்.

ஐந்து அடித்ததும் பொன்னன் தட்டருகே வந்தார். தட்டிலிருந்து நீலப் பென் டிரைவைத் தேடி எடுத்து, சீட்டை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்குப் போனார். கலைமணிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வீரம் வீண்போகுமா? அடுத்த மார்ச்சில் அர்த்தனாரிக்கு 'கணினிக் காவலர்' பட்டம் வந்தது. பந்தல், மாலை, கீழிருந்து வந்த பெரிய அதிகாரி, மைக். சாதனை அறிக்கையை அர்த்தனாரியே எழுதி, கலைமணியிடம் கொடுத்து மேடையில் படிக்கச் சொல்லியிருந்தார். அவள் கணீரென்று படித்தாள்.

"ஆணை வந்த நாள் முதல் நுழைந்த வைரஸ்கள்: ஒன்றும் இல்லை."

பலத்த கைதட்டல். தாளில் அதற்கு மேல் எதுவும் இல்லை. கலைமணி தாளை மடித்து வைத்துவிட்டு, அதே குரலில் தொடர்ந்தாள்.

"நுழைந்த பென் டிரைவ்கள்: ஒன்றும் இல்லை."

அதற்கும் பழக்கதோஷத்தில் கை தட்டினார்கள். அர்த்தனாரி மட்டும் மாலைக்குள்ளிருந்து திரும்பிப் பார்த்தார்.

"வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டவை: நாற்பத்தொரு பென் டிரைவ், ஒரு நர்ஸ். தடுத்தவர் திரு. அர்த்தனாரி. கடவுச்சொல் தெரிந்தும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், கலைமணி."