சாய்ந்த பாப்ளரும் ஒரு புக்மார்க்கும்

ஆல்டன்புரோக் நகராட்சி எல்லைக்குள் மரம் வெட்ட விரும்பும் எவரும் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் அந்த விண்ணப்பம் இணையத்தில் எங்கே இருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

காரணம், மேயர் எகோன் ப்ரெஸ்டின் நகராட்சியின் தளத்தைப் புதுப்பித்திருந்தார். பழைய தளத்தில் தலைப்புகள் வரிசையாக இருந்தன. பார்க்க அசிங்கமாக இருந்தது. புதியதில் ஒரு பெண் கோதுமை வயலில் நின்று சிரிக்கிறாள். அவளைத் தொட்டால் இன்னொரு பெண் சைக்கிளோடு வந்து சிரிக்கிறாள். தேடும் பெட்டியை எடுத்தாகிவிட்டது. எங்கள் குடிமக்கள் எதையோ தேடுகிறார்கள் என்று வெளியூருக்குத் தெரிந்தால் நகராட்சிக்கு அவமானம் அல்லவா?

இப்படிப்பட்ட நேரத்தில்தான் எங்கள் தெரு கெசீனா டாம்சன் வீட்டுப் பாப்ளர் மரம் சாயத் தொடங்கியது. கெசீனா ஆற்றில் பயணிகள் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். சாய்வு என்றால் என்ன, கவிழ்வது என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒட்டுக்கேட்பவனைப் போல மரம் சமையலறைக் கூரையை நோக்கிக் குனிந்ததும் நேராக நகராட்சிக்குப் போனார்.

பசுமைப் பிரிவில் டீட்மார் வோல்பர்ஸ் உட்கார்ந்திருந்தார். மரியாதையான மனிதர். அவரிடம் அந்த விண்ணப்பப் பக்கம் இருந்தது. ரயிலில் வரும்போது விரல் தவறி எங்கோ பட்டு அது திறந்துகொள்ள, பதறிப்போய் தன் போனில் புக்மார்க் செய்து வைத்திருந்தார். ஊரிலேயே அவர் ஒருவரிடம்தான் அது இருந்தது.

"அப்ப போனைக் காட்டுங்க, சார். இப்பவே எழுதிக் குடுத்துடறேன்" என்றார் கெசீனா.

"இது என் சொந்த போன்மா. இதுல அலுவலக வேலை செஞ்சா போன் அலுவலகச் சொத்தாயிடுமா, இல்ல அலுவலகம் என் சொத்தாயிடுமான்னு விதியில தெளிவா இல்ல."

"சரி, எனக்கு அனுப்பி விடுங்க."

"அனுப்பினா நமக்குள்ள தனிப்பட்ட பழக்கம்னு ஆயிடும்."

"அப்ப அந்தக் கம்ப்யூட்டர்ல ஏத்துங்களேன். என் வீட்டுல போன்லயும் கம்ப்யூட்டர்லயும் ஒரே கணக்குல நுழைஞ்சேன், புக்மார்க் எல்லாம் தானா வந்துடுச்சு."

டீட்மாரின் முகம் வெளிறியது. "தானா வர்றதுதாம்மா பிரச்சினையே. இந்த அலுவலகத்துல எதுவும் தானா வரக்கூடாது."

இருந்தாலும் அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. "கைபேசியிலிருந்து மேசைக் கணினிக்கு நினைவுக்குறிகளை இடம்பெயர்த்தல் தொடர்பாக" என்று தலைப்பிட்டு மேலிடத்துக்கு எழுதினார்.

தகவல் பாதுகாப்பு அதிகாரி டாக்டர் ஆல்மூட் ஹோல்ஸ்ட் விஷயத்தைக் கையில் எடுத்தார். ஒரு புக்மார்க்கை மாற்றினால் மற்றவையும் கூடவே வரும், அவை டீட்மாரின் அந்தரங்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று கண்டுபிடித்தது அவர்தான். பரிகாரமும் அவரே சொன்னார்: மாற்றுமுன் எல்லா புக்மார்க்கின் பெயரையும் அழித்துவிட வேண்டும்.

"பேரை அழிச்சுட்டா எது எதுன்னு எப்படித் தெரியும், டாக்டர்?" என்று டீட்மார் கேட்டார்.

"தெரியக் கூடாதுங்கறதுக்காகத்தானே அழிக்கறோம்!"

பெயரை அழித்தார்கள். பிறகு எது மரப் பக்கம் என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கக் குழு அமைத்தார்கள். மூட்டுவலிக்கான பயிற்சி, ஆமைக்கு என்ன உணவு தரலாம், மனைவி பேசாமல் இருந்தால் என்ன செய்வது என்று டீட்மாரின் வாழ்க்கை பெரிய திரையில் ஓடியது. குழுவினர் கண்ணியமாகக் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். டீட்மார் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

இதற்குள் மரம் கூரையின் தகரக் குழாயைத் தொட்டுவிட்டது.

மேயருக்கு இதெல்லாம் பழைய பாணியாகத் தோன்றியது. தலைநகரிலிருந்து லாஸ்ஸே என்ற ஆலோசகரை வரவழைத்தார். சாக்ஸ் இல்லாத வெள்ளைக் காலணியோடு வந்த அவர், முதல் வேலையாக நாற்காலிகளை வெளியே தூக்கிப் போடச் சொல்லிவிட்டு எல்லோரையும் பெரிய ரப்பர் பந்துகளில் உட்காரவைத்தார். குடிமக்களின் குரலாகக் கெசீனாவுக்கும் அழைப்பு போனது.

"புக்மார்க்னா என்ன?" என்று ஆரம்பித்தார் லாஸ்ஸே. "அது ஒரு முகவரி இல்லைங்க. அது ஒரு ஏக்கம். கண்ணை மூடிக்கிட்டு மனசுல என்ன வருதோ சொல்லுங்க."

"மரம் வீட்டு மேல விழப்போகுது" என்றார் கெசீனா, கண்ணை மூடாமல்.

"ஆஹா!" லாஸ்ஸே பச்சைத் தாளில் 'மரம்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினார். "வேர்கள்! வளர்ச்சி! இதைத்தான் நான் எதிர்பார்த்தேன்."

"ஐயா, அது நிஜ மரம்."

"நிஜம்!" என்று இன்னொரு தாளை ஒட்டினார். மேயர் பந்தில் மெல்லக் குதித்துத் தன் ஆமோதிப்பைத் தெரிவித்தார்.

கடைசியில் யாருடைய உரிமையும் மீறப்படாத வழி ஒன்று உருவானது. டீட்மாரின் போன் திரையில் தெரியும் பக்க முகவரியை ஒருவர் கேமராவில் படம் பிடிப்பார். அதை அச்சிட்டு மேல்மாடிக்குத் தொலைநகலில் அனுப்புவார்கள். அங்கே ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றொருவர் கணினியில் தட்டச்சு செய்வார். வாசிப்பவரும் தட்டுபவரும் ஒருவரையொருவர் பார்க்காதபடி நடுவில் திரைச்சீலை தொங்கும்.

அப்படியே செய்தார்கள். வெற்றி! மேயர் விழா எடுத்தார். தீயணைப்புப் படையின் வாத்தியக் குழு, உருளைக்கிழங்கு சாலட், பீர் எல்லாம் உண்டு. எங்கள் தெருவே திரண்டு போனது. மேயர் மேசைக் கணினியில் கட்டியிருந்த ரிப்பனை வெட்டி, தன் கையால் புக்மார்க்கைச் சொடுக்கினார். பக்கம் திறந்தது. கோதுமை வயல் பெண் சிரித்தாள். அவளுக்குக் கீழே எழுத்துகள் வந்தன: 'அன்பான குடிமகனே, இந்தச் சேவை இனி கைபேசியில் மட்டுமே கிடைக்கும்.'

வாத்தியம் நின்றது. மேயர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"திட்டத்தின் முதல் கட்டம் நிறைவடைந்தது. கணினியிலிருந்து கைபேசிக்கு இடம்பெயர்க்கும் இரண்டாம் கட்டத்தை இதோ தொடங்கி வைக்கிறேன்."

நாங்கள் வயிறு குலுங்கச் சிரித்தோம். வீடு திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சு. "இவங்களால ஒரு வேலை ஆகுமா? பாவம் கெசீனா!" என்று ஆளாளுக்கு உச்சுக் கொட்டினோம். கெசீனா மட்டும் சிரிக்கவில்லை.

"உங்கள்ல எத்தனை பேர் வீட்டுல சங்கிலி ரம்பம் இருக்கு? யாராவது வந்து அறுத்துக் குடுங்களேன்" என்றார்.

"அனுமதி இல்லாம எப்படி, கெசீனா?" என்றார் எதிர்வீட்டுக்காரர். மற்றவர்கள் வானிலையைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், தெரு முழுக்கக் காபியும் கேக்குமாக உட்கார்ந்திருந்த வேளையில் புயல் அடித்தது. பாப்ளர் தன் காத்திருப்பை முடித்துக்கொண்டு விழுந்தது. சமையலறை நொறுங்கியது. கெசீனா முன்வாசலில் இருந்ததால் தப்பினார். அவர் கணவர் ஃபோக்கோ குளியலறையில் இருந்தார். கதவை அடைத்துக்கொண்டு அடிமரம் கிடந்தது.

"கெசீனா! கூரை ஓட்டை வழியா தண்ணி கொட்டுது! குழாயும் உடைஞ்சிருக்கு!" என்று உள்ளேயிருந்து கத்தினார்.

"அங்கேயே ஓரமா நில்லு! அசையாத!"

கெசீனா ஓடிப்போய்ப் பழைய படகுக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த ரம்பத்தை எடுத்துவந்து இயக்கினார். ரம்பம் அலறியது. மரத்தூள் முகத்தில் தெறிக்க, கணவரின் பெயரைச் சொல்லிச் சொல்லி அறுத்தார்.

கதவு விரலளவு திறந்திருந்தபோது டீட்மார் மழைக்கோட்டோடு சைக்கிளில் வந்து இறங்கினார். கெசீனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வந்தீங்களே, சார்! அந்தப் பக்கம் பிடிச்சுத் தூக்குங்க!"

"தூக்கறேம்மா. அதுக்கு முன்னாடி ரம்பத்தை நிறுத்தணும். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, சத்தம் போடற வேலை எதுவும் செய்யக்கூடாதுன்னு விதி. இரைச்சல் புகார் வந்திருக்கு."

"புகாரா? யாரு குடுத்தாங்க?"

டீட்மார் சங்கடத்தோடு திரும்பிப் பார்த்தார். எங்கள் தெருவின் எல்லா ஜன்னல்களிலும் திரைச்சீலைகள் லேசாக அசைந்தன.

"தெருவே குடுத்திருக்கும்மா."

"உங்க தளத்துல ஒரு பக்கத்தைக்கூடக் கண்டுபிடிக்க முடியாதே!" கெசீனாவின் குரல் உடைந்தது. "புகார் குடுக்கற பக்கம் மட்டும் இவங்களுக்கு எப்படிய்யா கிடைச்சுது?"

"அந்தப் பக்கமா?" என்றார் டீட்மார். "அது இங்க எல்லார்கிட்டயும் ரொம்ப வருஷமா புக்மார்க்ல இருக்கும்மா. போன்லயும் இருக்கு, கம்ப்யூட்டர்லயும் இருக்கு. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு எப்படி மாத்தறதுன்னு யாரும் எங்ககிட்ட வந்து கேட்டதே இல்ல."