இலையில் துரு, கண்ணில் வடிவம்

இலையைக் கண்டதும் தரையில் குந்திவிடுகிற மனிதரை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். ஒரு கண்ணை இடுக்கி, மூச்சை அடக்கி, முழங்காலெல்லாம் சேறு அப்பிக்கொண்டு, "ஆகா, என்ன வடிவம்!" என்று முனகுவார். பின்னால் விறகுச் சுமையோடு நாலு பேர் வழிக்குக் காத்து நிற்பார்கள். அது அவருக்குத் தெரியாது. வடிவத்தைத் தவிர வேறு எதுவுமே அவருக்குத் தெரியாது. அதனால்தான் அவரை வடிவ ரசிகர் என்கிறோம். சமவெளியிலும் உண்டு என்றாலும், மலைப்பகுதிகளில், அதிலும் பனி இறங்கும் மாதங்களில், கூட்டம் கூட்டமாகத் தென்படுவார்கள்.

நம்முடைய வடிவ ரசிகரின் பெயர் நல்லமுத்து. சேலம் அம்மாபேட்டையில் பிறந்து, தினமும் முருங்கை மரத்தடியில் பல் விளக்கி வளர்ந்தவன்தான். ஆனால் சென்னையில் ஓவியக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததும், முருங்கை அவனுக்குக் கீரையாகத் தெரிவது நின்றுவிட்டது.

"இந்தக் காம்புல இருக்கிற லயத்தப் பாத்தியாம்மா?" என்பான், தட்டில் விழுந்த பொரியலைக் காட்டி.

"பாத்தேன், தின்னு" என்பாள் அம்மா.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு, புரட்டாசி மாதம். 'இயற்கையின் வடிவங்கள்' என்ற தலைப்பில் ஆளுக்குப் பன்னிரண்டு புகைப்படம் எடுத்து வரவேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். மற்ற மாணவர்கள் விடுதி வாசலில் இருந்த குரோட்டன்ஸ் செடியைச் சுற்றி வந்து வேலையை முடித்தார்கள். நல்லமுத்து அவர்களுக்காக இரக்கப்பட்டான். இரவல் கேமரா ஒன்று, கலர் ஃபிலிம் இரண்டு சுருள், இன்னும் முழுதாக வளராத ஒரு தாடி, இவற்றோடு ஏற்காடு பஸ் ஏறினான்.

ஏரியைப் பார்த்தான். "கேலண்டர்" என்றான். ரோஜாவைப் பார்த்தான். "கல்யாணப் பத்திரிகை" என்றான். நன்றாக இருக்கிற எதுவுமே வடிவ ரசிகரின் கண்ணுக்குப் பிடிக்காது. யாருக்கும் அழகாய்த் தெரியாததை அழகு என்று கண்டுபிடித்தால்தானே அவருக்கு வேலை? இப்படி ஒவ்வொன்றையும் தள்ளிக்கொண்டே நடந்தவன், கிளியூரில் ஒரு காப்பித் தோட்டத்தின் ஓரத்தில், காற்றில் புரண்ட ஓர் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டான். மஞ்சளும் ஆரஞ்சுமாக, வட்டம் வட்டமாக, குங்குமம் தெளித்தாற்போலப் பொடி. அங்கேயே குந்திவிட்டான்.

"யாருங்க அது, செடிக்குள்ள?"

முக்கால் ஏக்கர் காப்பிக்குச் சொந்தக்காரியான சின்னத்தாயி, தலையில் சுண்ணாம்புக் கூடையோடு நின்றாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. பின்னால் அவள் புருஷன் செல்லப்பன், முதுகில் மருந்து அடிக்கிற பம்போடு.

"அக்கா, இந்தப் புள்ளிக்கு என்ன பேரு?"

"அதுங்களா, துருங்க தம்பி. செடிக்கு வர்ற சீக்கு. உட்டா இலை பூராக் கொட்டிப்போயிரும். அதுக்குத்தான் மருந்தடிக்கப் போறோம்."

"மருந்தடிச்சா என்ன ஆகும்?"

"துத்தமும் சுண்ணாம்பும் கலந்ததுங்க. இலை நீலமா ஆயிரும்."

"நீலமாவா!" என்று அலறினான் நல்லமுத்து. வேறொருவனாக இருந்தால் எழுந்து வழிவிட்டிருப்பான். இவன் இரண்டு கையையும் விரித்து, செடிக்கும் பம்புக்கும் நடுவே நின்றான். பனி மூடியிருக்கிறது, பக்கத்துச் செடியில் அடித்தாலும் காற்றில் நீலம் தெறித்துவிடும், வெளிச்சம் வந்ததும் எடுத்துவிடுகிறேன், அரை நாள், அரையே நாள் என்று கெஞ்சினான்.

செல்லப்பன் தயங்கினான். பம்பு பக்கத்து எஸ்டேட்டினுடையது. அங்கே கணக்கு எழுதும் ரைட்டரிடம் ஒரு வாரம் நடையாய் நடந்து, இரண்டே நாளைக்கு என்று வாங்கி வந்திருந்தான்.

"ஏனுங்க தம்பி, இந்தப் படத்த யாருங்க பாப்பாங்க?"

"மெட்ராசுல பெரிய பெரிய ஆளுங்கல்லாம் பாப்பாங்க."

"ஆபீசருங்களா? பாத்துட்டு எதாச்சும் செய்வாங்களா?"

நல்லமுத்து தலையை ஆட்டினான். பொய் என்று சொல்ல முடியாது. கைதட்டுவார்கள் என்று அவன் நினைத்திருந்தான். அதுவும் ஏதாச்சும் செய்வதுதானே?

செல்லப்பன் பம்பை இறக்கி வைத்தான்.

வெளிச்சம் அன்று வரவில்லை. "ஊட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புடுங்க தம்பி, மூஞ்சி வாடிக்கிடக்குது" என்று சின்னத்தாயி கூட்டிப்போய் ராகிக் களி போட்டாள். அவன் உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மறுநாளும் பனி, மறுநாளும் அதே கெஞ்சல். காற்றில் கிளை ஆடாமல் இருக்க அவள்தான் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. காலையிலிருந்து நின்றாள். கை மரத்துப்போயிற்று.

"அக்கா, விரல் தெரியுது. இன்னும் கீழ புடிங்க. மனுஷக் கை வந்தா வடிவம் கெட்டுரும்."

"ஆகட்டுங்க" என்றாள் அவள்.

இரண்டாம் நாள் மாலை நாலு மணிக்குப் பத்து நிமிஷம் வெயில் வந்தது. நல்லமுத்து ஒரு சுருளைத் தீர்த்தான். அந்த வெயில் போவதற்குள் ரைட்டரின் ஆள் வந்து பம்பை எடுத்துப்போனான். மறுநாள் மழை பிடித்தது. பம்பு இருந்திருந்தாலும் மருந்து நிற்காத மழை. பன்னிரண்டு நாள் விடவில்லை.

மழை விட்டதும், மீதியிருந்த சுருளைத் தீர்க்க நல்லமுத்து சேலத்திலிருந்து மறுபடி மலையேறினான். தோட்டம் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. இலை என்று எதுவும் இல்லை. காய்கள் கறுத்துச் சுருங்கியிருந்தன. மொட்டைக் கிளைகளின் பின்னால் பனி வெள்ளைவெளேரென்று நின்றது. சின்னத்தாயி நடுவில் நின்று, உதிர்ந்ததைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தும் திட்டவில்லை. "வாங்க தம்பி" என்றாள். "இந்த வருசம் ஒண்ணும் தேறாதுங்க."

அவனுக்கு வருத்தமாகிவிட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம்; உண்மையாகவே வருந்தினான். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். திறந்த வாயோடு அந்தக் கிளைகளைப் பார்த்தான். கறுப்பும் வெள்ளையும். கோடும் வெளியும். கை தானாகக் கேமராவுக்குப் போயிற்று.

"அக்கா, கொஞ்சம் நகந்துக்கறீங்களா?"

அவள் அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

கல்லூரிக் கண்காட்சியில் நல்லமுத்துவுக்கு முதல் பரிசு. துரு இலைக்குத் 'தழலின் தவம்' என்றும், மொட்டைக் கிளைகளுக்கு 'இன்மை' என்றும் பெயர் வைத்திருந்தான். பேராசிரியர் ஒருவர், இயற்கையின் வலியை இந்த இளைஞர் தன் உடம்பில் வாங்கியிருக்கிறார் என்று இருபது நிமிஷம் பேசினார். நல்லமுத்து வலியோடு தலைகுனிந்து நின்றான்.

செல்லப்பன் எதிர்பார்த்தபடியே கூட்டத்தில் ஓர் ஆபீசரும் இருந்தார். விவசாயம் சம்பந்தப்பட்டவர். தவமும் தழலும் அவருக்குப் புரியவில்லை. "இவ்வளவு தெளிவா இந்த நோயை யாரும் படம் எடுத்ததில்லை" என்று சொல்லி, ஒரு பிரதி கேட்டு வாங்கிப்போனார். அடுத்த வருஷம் அது துண்டுப் பிரசுரமாக வந்து, ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் இருந்த உரக்கடைச் சுவரில் ஒட்டப்பட்டது. படத்தின் கீழே கொட்டை எழுத்தில்: 'இத்தகைய இலையைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் மருந்து அடிக்கவும்.'

தலைப்பை எடுத்துவிட்டார்களே என்று நல்லமுத்து கொதித்தான். கொதித்துக்கொண்டே அதை நேரில் பார்க்க வந்த இடத்தில், சுவருக்கு முன்னால் சின்னத்தாயி நின்றிருந்தாள்.

"இது நம்ம செடிங்க" என்றாள். "நொம்ப நல்லா உழுந்திருக்குது. கீழ என்ன எழுதியிருக்குதுங்க தம்பி? படிச்சுச் சொல்லுங்க."

அவன் படித்துச் சொன்னான். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கிற்று.

"அப்படிங்களா" என்றாள் அவள். புதுக் கன்றுகளுக்கு வாங்கிய உர மூட்டையைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த மொட்டைச் செடிங்க இன்னும் இருக்கா?"

"வெட்டி அடுப்புல வெச்சுட்டனுங்க."

"அய்யய்யோ!" என்றான் நல்லமுத்து. இந்த முறை அழுகையே வந்துவிட்டது.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். மொட்டைக் கிளைகளின் பின்னால் பனி வெள்ளைவெளேரென்று நின்றது என்று படித்தீர்களே, அந்த இடத்தில், சின்னத்தாயியை மறந்து, 'அடடா, நல்ல காட்சி' என்று ஒரு நொடி தோன்றியதா, இல்லையா?

தோன்றியிருந்தால் சீக்கிரம் ஒரு கேமரா வாங்கிவிடுங்கள். மற்ற தகுதிகளெல்லாம் உங்களிடம் இருக்கின்றன.