கேப்டன் பொப்கேயின் மரக்கால்

ஜூலை மாதத்தில் மூன்று நாள் விடாமல் மழை பெய்ததற்காக நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்துக் கடற்கரையில் மகிழ்ந்துபோனவர் ஒரே ஒருவர்தான். பெயர் டவ்வே. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

டாக்டர் கொழுப்பைக் குறைக்கச் சொன்னாலும் சொன்னார், டவ்வேயின் மனைவி ஃபென்னா இந்த விடுமுறைக்குக் கறுப்பு ரொட்டி, கேரட், மோர் தவிர வேறெதையும் கேரவனில் ஏற்றவில்லை. துறைமுகத்திலோ ஒரு கடையில் மீனை மாவில் தோய்த்துப் பொரித்து, கொதிக்கக் கொதிக்கப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறார்கள். வெயில் அடித்தால் ஃபென்னாவும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூடவே வந்துவிடுவாள். மழை என்றால்?

"ஃபென்னா, நான் கப்பல் மியூசியம் வரைக்கும் போய்ட்டு வரேன். நீ எதுக்கு நனையணும்?"

"கப்பலா? போன வருஷம் தீவுக்குப் போற படகுல ஏறினதுமே வாந்தி எடுத்தியே!"

"இது தரையில நிக்கிற கப்பல். ஆடாது."

முதல் நாள் ஒரு பொட்டலம். இரண்டாம் நாள் இரண்டு. மூன்றாம் நாள், அவர் வாயைத் திறப்பதற்குள் கடைக்காரி பூண்டுச் சாஸை எடுத்து முன்னால் வைத்தாள்.

சாயங்காலம்தான் சிக்கல்.

"ஒரே மியூசியத்துல மூணு நாளா என்னத்தைப் பார்த்தே?"

"மூணு நாள் எப்படிப் போதும்? எவ்வளவு பெரிய இடம்! மூழ்கின கப்பலை மட்டுமே ஒரு மணி நேரம் பார்த்தேன்."

"எதுல மூழ்கினது?"

"கடல்லதான். வேற எதுல மூழ்கும்?"

"உன்மேல எண்ணெய் வாசனை வருதே, அதான் கேட்டேன்."

"அது பழைய எஞ்சின்." டவ்வே சமாளித்தார். "மாசக்கணக்கா தண்ணியிலயே கிடந்துட்டு, திடீர்னு ஒரு நாள் கரை தெரிஞ்சா மாலுமிங்களுக்கு எப்படி இருக்கும், சொல்லு!"

"உன் சட்டையிலகூடத்தான் கறை தெரியுது."

அந்த நெருக்கடியில்தான் கேப்டன் பொப்கே பிறந்தார். திமிங்கில வேட்டைக்காரர். ஒரு கால் மரக்கால். கப்பல் பனிக்கட்டியில் சிக்கி, தின்ன ஒன்றுமில்லாமல் போனபோது, கப்பல் எலிகள் அந்தக் காலைத் தின்றுவிட்டன. பொப்கே அசருவாரா? சுக்கானை உடைத்து வேறு கால் செய்துகொண்டார். அதன் பிறகு அவர் எந்தப் பக்கம் நடந்தாலும் கப்பல் அந்தப் பக்கம் திரும்பியது.

டவ்வே மரக்கால் மரக்காலாக அளந்தார். ஃபென்னா கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"அந்தக் கால் இன்னும் மியூசியத்துல இருக்கா?"

"கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க."

மறுநாளும் மழை. டவ்வே மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு உற்சாகமாகக் கதவைத் திறந்தார். வெளியே பதினோரு குடைகள். முன்னால் நின்றவர் பக்கத்துக் கேரவன் ஹர்ம்.

"வாங்க டவ்வே! அந்தக் காலைப் பார்த்தே ஆகணும்னு பிள்ளைங்க ஒத்தைக் கால்ல நிக்குதுங்க. நீங்களே சுத்திக் காட்டப் போறீங்கன்னு ஃபென்னா சொன்னாங்க."

டவ்வேக்குச் சொந்தக் கால் இரண்டும் மரக்காலாயின. மியூசியம் எந்தத் தெருவில் இருக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. நல்லவேளை, ஃபென்னா முன்னால் நடந்தாள்.

உள்ளே போனால், மொத்தமே இரண்டு அறை. கண்ணாடிப் பெட்டி ஒன்றே ஒன்று. அதற்குள் ஒரு கட்டை. டவ்வேக்கு உயிர் வந்தது.

"இதோ, பொப்கேயோட கால்!"

மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் இருமினாள். "அது கப்பல் சமையல்காரர் மாவு தேய்ச்ச கட்டை."

"ஆங்... அதோ, சுவத்துல பாருங்க. அதுதான் பொப்கே! முகத்துல என்ன வீரம்!"

"அது எங்க அத்தை."

பதினோரு பேரும் டவ்வேயையே பார்த்தார்கள். அவருக்குக் காது மடல் வரை சிவந்தது. அப்போது ஃபென்னா முன்னால் வந்தாள்.

"யாரும் சந்தேகப்படாதீங்க. மூணு நாளா இவர் இங்கதான் இருந்தார். வருகைப் புத்தகத்தைப் பார்த்தா தெரிஞ்சிடும்."

ஹர்ம் புத்தகத்தைப் புரட்டி உரக்கப் படித்தார். "செவ்வாய், ஃபென்னா. புதன், ஃபென்னா. வியாழன், ஃபென்னா..."

டவ்வே மனைவியின் காதருகே குனிந்தார். "நீ கேரவன்லயே இருந்தேன்னு சொன்னியே?"

"நீ மியூசியத்துல இருந்தேன்னு சொன்னியே! உன்னைத் தேடித்தான் தினம் வந்தேன். ரெண்டு அறையில எவ்வளவு நேரம் தேடுறது? மீதி நேரம் இந்தம்மாகூடக் காபி குடிச்சேன்."

ஹர்மின் சின்ன மகளுக்கு இதெல்லாம் முக்கியமில்லை. "எலி காலைத் தின்னப்போ அவருக்குக் கூசலையா?" என்று கேட்டாள். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டன. வேறு வழியில்லாமல் டவ்வே முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை எலிகளுக்கும் ஒரு கேப்டன் இருந்தது. சிரிப்பில் இரண்டு அறையும் அதிர்ந்தன.

மேசை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மழை நாள்ல பிள்ளைங்களுக்குக் கதை சொல்ல எங்களுக்கு ஒரு ஆள் வேணும். காலையில பத்து மணிக்கு வந்தா அஞ்சு மணி வரைக்கும். நடுவுல எங்கயும் போக முடியாது."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றார் டவ்வே அவசரமாக.

"நேத்தே உங்க விண்ணப்பம் வந்துடுச்சே!"

அம்மாள் ஒரு தாளை நீட்டினாள். முழுக்க ஃபென்னாவின் கையெழுத்து. பெயர், டவ்வே. முன் அனுபவம், மூன்று நாள்.