பனச்சமூட்டின் சங்கீத மேதை

மேடைக்குப் பின்னால் ஓலைத்தட்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற ராஜதாஸின் வாயிலிருந்து காற்று மட்டும்தான் வந்தது. 'ஸா' என்று ஆரம்பித்தார். சைக்கிள் டியூபில் முள் ஏறிய மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அதுவும் பாதியில் நின்றுபோயிற்று.

"என்ன அண்ணாச்சி, சுதி சேர்க்கியளா?" என்று எட்டிப் பார்த்தார் சதாசிவன்.

"தொண்டை கெட்டிப்போச்சு வே. இன்னைக்கு முடியாது."

"அப்படிச் சொன்னா எப்படி? வெளிய ஆயிரம் பேரு இருக்கானுவ. ஒரே ஒரு பாட்டு. பாடிட்டு இறங்கிருங்க."

சதாசிவன் பனச்சமூட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். எல்லைப் போராட்டக் குழுவுக்கும் அவர்தான் செயலாளர். மலையாள ராஜ்யமான திருக்கொச்சியை உதறிவிட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று அன்றைக்குப் பொதுக்கூட்டம். மார்த்தாண்டத்திலிருந்து வர வேண்டிய பாட்டுக்காரர், வழியில் போலீஸ் நிற்கிறது என்று கேள்விப்பட்டதும் வயிற்றுவலி என்று ஆளனுப்பிவிட்டார். அப்போதுதான் சதாசிவனுக்குக் குடை ரிப்பேர்க்கடை ராஜதாஸ் ஞாபகத்துக்கு வந்தார்.

ராஜதாஸின் கடைக்கு மழைக்கு ஒதுங்குகிறவர்கள் எல்லோரும் அந்த வசனத்தைக் கேட்டிருக்கிறார்கள். "நான் முறையா சங்கீதம் படிச்சவனாக்கும். குடை வயித்துக்கு, பாட்டு ஆத்மாவுக்கு." முறையாக என்றால், மிஷன் சபைப் பாடகர் குழுவில் பின்வரிசையில் எட்டு மாதம் நின்றது. ஒன்பதாவது மாதம் ஏன் நிற்கவில்லை என்று ஒருவரும் கேட்டதில்லை. அதற்குள் மழை விட்டுவிடும்.

சதாசிவன் அவரை முதுகில் கைவைத்து மேடைக்குத் தள்ளினார்.

ராஜதாஸ் ஒலிபெருக்கியின் முன்னால் நின்றார். ஆயிரம் தலைகள். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூடினார். மறுபடி திறந்தார். முன்வரிசையில் ஒருவன் கொட்டாவி விட்டான். இனி ஏதாவது செய்யாவிட்டால் கல் வரும் என்று தெரிந்தது.

"இந்த மண்ணு..." என்றார். குரல் உடைந்தது. கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. "இந்த மண்ணு தமிழ்நாட்டோட சேருத நாள் வரைக்கும், நான்... நான் பாட மாட்டேன்!"

கைதட்டலில் ஓலைத்தட்டி ஆடியது. சதாசிவன் அழுதுகொண்டே ஓடிவந்து கட்டிப்பிடித்தார். அன்றைக்குப் பேசிய ஒன்பது பேரின் பேச்சை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. பாடாதவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டார்கள்.

"என்ன நடந்துது?" என்று கேட்டாள் மனைவி ஞானபாய்.

"ஒண்ணும் இல்ல. நான் பாட்ட விட்டுட்டேன்."

மறுவாரம் நாகர்கோவில் பத்திரிகை ஒன்றில் 'பாட்டைத் துறந்த மேதை' என்று செய்தி வந்தது. அதுவரை ராஜதாஸை யாரும் பாடகர் என்றுகூடச் சொன்னதில்லை. பாடகர் என்ற படியை மிதிக்காமலே மேதை என்ற மாடிக்கு ஏறியவர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருவர்தான்.

அவர் எப்படி மேதையானார் என்ற ஆராய்ச்சி சோமனின் சாயாக்கடையில் நடந்தது. சோமன் ஐக்கிய கேரளக் கட்சி. ஆனாலும் சாயாவுக்குக் கட்சி கிடையாது என்பதால், இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு பெஞ்சில் உட்கார்ந்து குடித்தார்கள்.

"அவரு பாடினா மழை நின்னுபோவும்" என்றான் தமிழ் பெஞ்சில் ஒருவன்.

"குடைக்கடைக்காரரு மழைய நிறுத்தினா கடை எப்படி ஓடும்?"

"அதான் தியாகம்ங்கது."

"காரோடு ஊருல ஒருக்கா பாடினாராம். கேட்டுக்கிட்டு நின்ன பசு ரெண்டு நாள் பால் கூடுதலா தந்துதாம்."

"நீ கேட்டியால பாட்ட?"

"நான் கேக்கல்ல. பசு எனக்க மாமாவுக்குள்ளதாக்கும்."

சோமனுக்குப் பொறுக்கவில்லை. எதிர்க்கட்சியில் ஒரு மேதை இருப்பது தன் கட்சிக்குக் குறைச்சல் என்று அவருக்குப் பட்டது.

"மேதையொண்ணும் பேச்சு வழியா வாறதில்ல கேட்டியளா. அது ரத்தம். அவருக்க அம்மை தனுவச்சபுரத்துக்காரி. நல்ல மலையாள ரத்தம்! நம்ம ஆளாக்கும் அவரு."

"அவரு குடிச்சது தமிழ்ப்பால்!"

"பாலுக்கு எந்தா பாஷை?"

மூன்று சாயாக்கிளாஸ் உடைந்தது. ராஜதாஸ் எந்த மொழியில் பாடாமல் இருக்கிறார் என்பது அதற்குப் பிறகும் தீராத பிரச்சினையாகவே இருந்தது.

இவ்வளவும் ராஜதாஸுக்குப் பிடித்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. குடை கொண்டுவருகிறவர்கள் கும்பிட்டுவிட்டுக் கொடுத்தார்கள். கூட்டம் நடக்கிற இடமெல்லாம் கூப்பிட்டு, மாலை போட்டு, மேடையில் உட்காரவைத்துப் பாடாமல் இருக்கச் சொன்னார்கள். அவரும் கண்ணை மூடிக்கொண்டு நன்றாகவே பாடாமல் இருந்தார்.

சனியன் ஜூன் மாத மழையில் வந்தது. கடையில் தனியாக உட்கார்ந்து ஒரு குடைக்கம்பியை வளைத்துக்கொண்டிருந்தவர், தன்னையறியாமல் முனகிவிட்டார். நிமிர்ந்து பார்த்தால் கையில் சாயாவுடன் சோமன்.

அரை மணி நேரத்தில் பனச்சமூடு சந்தை முழுக்கச் செய்தி. "விரதம் முறிஞ்சு போயி! மேதை பாடியாச்சு!"

சதாசிவன் நான்கு பேருடன் ஓடிவந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அண்ணாச்சி, பாடினியளா?"

"பாட்டா? யாரு பாடினா?"

"சோமன் கேட்டிருக்கான்."

ராஜதாஸ் கையிலிருந்த குடையைப் பார்த்தார். ஒரு மூலையில் ஓட்டை இருந்தது. அதைப் பார்த்ததும் பதிலும் வந்தது.

"அது பாட்டில்ல வே. உள்ள அடைஞ்சு கிடக்குத நாதமாக்கும். நான் வாய மூடிவச்சாலும் தானே கசியுது. நான் என்ன செய்ய?"

கூட்டம் மெய்சிலிர்த்தது. அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சதாசிவனுக்குப் பயம் வந்துவிட்டது. கசிகிற பொருள் வெடித்தாலும் வெடிக்கும் அல்லவா? உடனே வெள்ளறடையிலிருந்து ஒரு வைத்தியரை வரவழைத்தார். வைத்தியர் ராஜதாஸின் தொண்டையை வெளியே அமுக்கினார். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு நாடியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மூணு ஸ்தாயியும் கெட்டிக் கிடக்கு. இப்பம் ஆபத்தில்ல. ஆனா ஊரு தமிழ்நாட்டில சேருத அன்னைக்கு ஒரே இருப்பில மூணு மணி நேரம் பாடி இறக்கணும். இல்லாட்டி ஆளு தாங்க மாட்டாரு."

"மூணு மணி நேரமா?" ராஜதாஸ் எழுந்துவிட்டார்.

"நாலுன்னாலும் நல்லதாக்கும்" என்றார் வைத்தியர்.

சதாசிவன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. மிருதங்கத்துக்கும் பிடிலுக்கும் நாகர்கோவிலில் ஆள் பேசினார். பந்தலுக்குக் குன்னத்துகால் பக்கம் ஒரு வயலைப் பார்த்துவைத்தார். தேதிக்கு மட்டும் இடம் விட்டு நோட்டீஸ் அச்சடித்தார். அதில் ராஜதாஸின் படம், கையில் குடை இல்லாமல்.

அந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் சென்னையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து சேர்ந்தார். சங்கீத மேதைகளைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம்.

"தங்கள் குருநாதர் யார்?" என்று கேட்டார்.

ராஜதாஸ் யோசிக்கிற பாவனையில் மேலே பார்த்தார். மேலே இருபது குடைகள் தலைகீழாகத் தொங்கின.

"ஆகாயம்!" என்று நோட்டில் எழுதிக்கொண்டார் பேராசிரியர். "எத்தனை மணி நேரம் சாதகம்?"

ராஜதாஸ் பெருமூச்சு விட்டார்.

"மூச்சே சாதகம்" என்று அதையும் எழுதிக்கொண்டார்.

அன்று மாலை குன்னத்துகால் வாசகசாலையில் பேராசிரியர் பேசினார். மேதை என்பவன் பயிற்சியால் வருகிறவன் அல்ல. பரம்பரையாலும் வருகிறவன் அல்ல. அவனுக்கு அடையாளங்கள் ஐந்து. நான்கைச் சொல்லி முடித்தபோதே கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "மௌனம் இசையின் உச்சம். மற்றவர்கள் கீழேயிருந்து ஏறுகிறார்கள். நம் ராஜதாஸ் உச்சியிலிருந்தே தொடங்கியவர்!" என்று சொல்லிவிட்டு ஐந்தாவதை எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார்.

மூன்று மணி நேரத்தை நினைத்து ராஜதாஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வழி தோன்றியது. யாருக்கும் தெரியாமல் பழகிவிட்டால்? ஒரு திங்கட்கிழமை கடையை அடைத்துவிட்டு பஸ் ஏறினார். காரோட்டைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனார். சுற்றிலும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, கடலை நோக்கி முழுத் தொண்டையையும் திறந்தார்.

இரண்டு நிமிடம்தான் பாடியிருப்பார். மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து நாலைந்து மீன்காரர்கள் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"யாரு அண்ணே முங்கினது? எந்தப் பக்கம்?"

"ஒருத்தரும் முங்கல்ல."

"பின்ன எதுக்கு இந்த அலறு அலறினீரு?"

கடல்காற்று ஸ்வரத்தைக் கெடுத்துவிடுகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ராஜதாஸ் அடுத்த பஸ்ஸில் திரும்பினார்.

ஆனால் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது அவருக்கு அழுகை வந்தது. மேதையாவதற்கு முன்னால் அவருக்குப் பாட்டு என்றால் அவ்வளவு ஆசை. விடிந்து முகம் கழுவும்போது ஒரு கீர்த்தனை தானாக நாக்குக்கு வரும். அதை வீடு நிறைய விட்டுவிட்டுத்தான் காப்பி குடிப்பார். இப்போது அதைக் கொப்பளிக்கிற தண்ணீரோடு துப்ப வேண்டியிருந்தது. ஊரெல்லாம் மேதை என்கிறது. சபையில் எல்லோரும் எழுந்து பாடும்போது அவர் மட்டும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நிற்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முதலாக அந்த ஜெபத்தைச் செய்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, உதடு அசையாமல்.

"கர்த்தாவே, தமிழில்தான் கேட்கிறேன். ஆனாலும் எங்கள் ஊரை மட்டும் தமிழ்நாட்டோடு சேர்த்துவிடாதேயும்."

ஜெபத்தை முடித்ததும் கூசிப்போனார். பக்கத்து வரிசையில் இருந்த ரெத்தினதாஸ், ஊர் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போய்ப் போலீஸ் அடியில் கை முறிந்தவர். இன்னும் கழுத்தில் தூளிக்கட்டோடு இருந்தார். யூதாஸுக்காவது காசு கிடைத்தது. நமக்கு என்ன கிடைத்தது? மாலை. அதுவும் பாதி வாடினது.

என்றாலும் அடுத்த ஞாயிறும் அதையே ஜெபித்தார்.

எல்லையைத் தீர்மானிக்கிற கமிஷனுக்கு சதாசிவன் பதினேழு காரணங்கள் எழுதி மனு அனுப்பினார். பதினேழாவது காரணம் ராஜதாஸ். 'இத்தகைய மேதையைப் பாடவிடாமல் செய்யும் பாவம் சர்க்காருக்கு வேண்டாம்' என்று அதில் இருந்தது.

ஐம்பத்தைந்து அக்டோபரில் பத்திரிகையில் வந்துவிட்டது. விளவங்கோடு தமிழ்நாட்டுக்கு. நெய்யாற்றின்கரை கேரளத்துக்கு. கோடு பனச்சமூட்டைக் கேரளப் பக்கம் விட்டுவிட்டு விழுந்திருந்தது.

சதாசிவனின் ஜவுளிக்கடையில் இழவு வீடு மாதிரி கூட்டம். சதாசிவன் நோட்டீஸ் கட்டின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். ராஜதாஸ் எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார். ஆறுதல் பொங்கிவருவதை அடக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

"அண்ணாச்சி, இனி உங்க பாட்ட கேக்காமலே சாவணுமா நாங்க?" என்றார் சதாசிவன்.

"என்ன செய்ய வே. நமக்குக் குடுத்துவைக்கல்ல."

சாயாக்கடை வாசலில் சோமன்கூட எழுந்து நின்று கும்பிட்டார். வெற்றி பெற்ற கட்சி என்றாலும் மேதைக்கு மரியாதை உண்டு.

ராஜதாஸ் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வீடு வரை துக்கமாக நடந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் துண்டை எடுத்தார். ஞானபாய் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். "ஊரு சேராம போனதுக்கு நான்தான் காரணமாக்கும். வாரா வாரம் ஜெபம் பண்ணினேன். மேடையில மூணு மணி நேரம் பாட முடியாம போயிருமோன்னு பயந்து, ஒரு ஊரையே காட்டிக்குடுத்துட்டேன்."

ஞானபாய் நிமிரவில்லை. கத்தி மட்டும் நின்றது.

"நீங்க ஒருத்தரு ஜெபம் பண்ணினதுனாலயா இது நடந்துது? போங்க, கைகால் கழுவிட்டு வாங்க."

"நான் துரோகியாக்கும் ஞானபாய்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பின்வாசலில் ஆள் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு சரோஜம். எல்லைப் போராட்டத்தில் ஊர்வலத்துக்கு முன்னால் கோஷம் போட்டுக்கொண்டு போய், ஆறு நாள் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவள். அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று ராஜதாஸ் அவசரமாகத் துண்டைத் தேடினார். துண்டை எடுத்து நிமிர்ந்தால், சரோஜத்தின் கையில் ஒரு வட்டில் நிறையப் பாயசம்.

"என்ன சரோஜம், இன்னைக்குப் போயி பாயசமா? நாம தோத்துட்டோம்லா?"

சரோஜம் வட்டிலை ஞானபாயிடம் நீட்டினாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"தமிழுக்காக நான் ஜெயில்ல கிடந்தது உள்ளதாக்கும் அண்ணாச்சி. ஆனா ஊரு சேந்தா நீங்க மறுபடி பாடுவியள்லா? அதான் சுத்துவட்டத்தில உங்க பாட்ட கேட்டிருக்குத எண்பத்தாறு பேரும், கேரளத்திலயே கிடந்துக்கிடுதோம்னு கமிஷனுக்கு மனு போட்டோம். முதல் கையெழுத்து ஞானபாய் அக்காவாக்கும்."